சொல்வதும் தெரிவிப்பதும்: ஆங்கிலக் கடிதம் எழுதுவோர் கேள்விகள்

ஒரு செய்தியை ஆங்கிலத்தில் தெரிவிக்கும்போது எந்தச் சொல்லை எடுப்பது என்று கேட்டுக் காரைக்குடி வட்டாரத்திலிருந்து இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஆங்கிலத் தொடர்களை அவற்றின் ஒலிப்படியே தமிழில் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் குடும்பம் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறது. சென்ற ஐப்பசி மழையில் கல் காயாததால் சரக்கு ஒரு வாரம் தாமதமாயிற்று. அதை வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு, ‘வி ஹியர்பை இன்ஃபார்ம் யுவர் குட் செல்ஃப் தட் த கன்சைன்மென்ட் ஸ்டான்ட்ஸ் டிலேய்ட்’ என்று எழுதினேன். அவர் பதறிப்போய், ஒப்பந்தத்தில் ஏதேனும் சிக்கலா என்று தொலைபேசியில் கேட்டார். மரியாதையாகத்தானே எழுதினேன்? ‘லெட் யூ நோ’ என்று எழுதியிருந்தால் அலட்சியமாகத் தோன்றியிருக்காதா?
— வாசகர், ஆத்தங்குடி

பதில்: உங்கள் எண்ணத்தில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் அந்த வாக்கியம், வழக்குத் தொடுப்பதற்கு முன் வக்கீல் அனுப்பும் அறிவிப்பைப் போல அவர் காதில் ஒலித்திருக்கிறது. ‘ஹியர்பை’ என்ற சொல் இன்று பெரும்பாலும் சட்ட ஆவணங்களில்தான் காணப்படுகிறது. தண்டோராப் போடுகிறவர் ‘இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்’ என்று தொடங்கினாலே, செய்தி வருவதற்கு முன்பே கேட்பவர் மனத்தில் ஒரு கலக்கம் வந்துவிடும் அல்லவா? உங்கள் வாடிக்கையாளருக்கும் அப்படித்தான் நேர்ந்திருக்கிறது. கல் காயவில்லை என்ற எளிய செய்தி அவர் கண்ணில் படுவதற்குள், ‘ஹியர்பை’ அவரை ஒப்பந்தத்தைத் தேடி எடுக்க வைத்துவிட்டது.

நாம் இவ்விடத்தில் தவறுவதற்குக் காரணம் நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது, பல ஆண்டுகள் வணிகவியல் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்ததில் நான் அடைந்த முடிவு. தமிழில் மரியாதை வினையின் விகுதியில் இருக்கிறது. ‘சொன்னான்’ என்பதைச் ‘சொன்னார்’ என்று மாற்றினால் போதும். ‘சொல்’ என்ற வேர்ச்சொல்லை மாற்றத் தேவையில்லை. நம் பகுதியில் ‘வாங்க ஆச்சி’ என்னும்போது அந்த விகுதியும் ‘ஆச்சி’ என்ற விளியுமே மரியாதை முழுவதையும் சுமந்துவிடுகின்றன. ஆங்கில வினையில் அத்தகைய விகுதி கிடையாது. ‘யூ’ என்பதும் ‘நீ’, ‘நீங்கள்’ இரண்டுக்கும் பொதுவானது. ஆகவே மரியாதையை எங்கே வைப்பது என்று தெரியாமல், கனமான சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதைச் செய்துவிட முயல்கிறோம். ஆங்கிலேயர் மரியாதையை வைக்கும் இடம் வேறு. கேட்பதைக் ‘குட் யூ’ என்று தொடங்குவதிலும், எதிரிலிருப்பவருக்கு மறுக்க இடம் விடுவதிலும், காலத்தை ஒரு படி பின்னே தள்ளுவதிலும் அவர்கள் பணிவு இருக்கிறது. ‘ஐ வான்டட் டு லெட் யூ நோ’ என்பதில் இறந்தகாலம் வருவதைக் கவனியுங்கள். ‘ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்’ என்று நம் வீட்டு வாசலில் நின்று ஒருவர் பேச்சைத் தொடங்குவதும் அதே பணிவுதான்.

கனமான சொல், எளிய சொல் என்ற இந்த இரட்டை வழக்கு ஆங்கிலத்துக்கு ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு, அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழியும் லத்தீனும் அமர்ந்தன. வீட்டிலும் வயலிலும் பழைய ஆங்கிலம் தொடர்ந்தது. நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்ற சட்டம் 1362-இல்தான் வந்தது. காலப்போக்கில் ‘டெல்’, ‘நோ’, ‘லெட்’ போன்றவை வீட்டுச் சொற்களாகவும், பிரெஞ்சு வழியாக வந்த ‘இன்ஃபார்ம்’, ‘நோட்டிஃபை’ போன்றவை அதிகாரத்தின் சொற்களாகவும் படிந்துவிட்டன. ‘டெல்’, ‘லெட் யூ நோ’ என்று எழுதுகிறவர் படிப்பவருக்கு அருகில் நிற்கிறார். ‘நோட்டிஃபை’ என்று எழுதுகிறவர் மேசைக்கு அப்பால் நிற்கிறார். நெடுநாள் வாடிக்கையாளரிடம் மேசைக்கு அப்பால் போய் நின்று பேசினால், ‘இத்தனை நாள் இல்லாத தூரம் இன்று ஏன் வந்தது?’ என்று அவர் யோசிப்பது இயல்பு.

அடுத்த முறை இப்படி எழுதுங்கள்: ‘ஐ வான்டட் டு லெட் யூ நோ தட் த டைல்ஸ் வில் லீவ் அ வீக் லேட், பிகாஸ் தே ஹாவ் நாட் ட்ரைட் இன் த ரெய்ன்.’ இதில் அலட்சியம் எங்கும் இல்லை. செய்தி, காரணம், கால அளவு மூன்றும் இருக்கின்றன. ஒரு மன்னிப்புச் சொல்லும் புதிய தேதியும் அடுத்த வரியில் வந்தால் கடிதம் நிறைவாகிவிடும்.

ஆனால் ஒன்று. தாமதம் ஏற்பட்டால் எழுத்து மூலம் ‘நோட்டிஃபை’ செய்ய வேண்டும் என்று உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்குமானால், அந்தக் கடிதத்தை அதே சொல்லைக் கொண்டு, தேதியிட்டு, விதி எண்ணைக் குறித்துத் தனியாக அனுப்புங்கள். அது கோப்பில் சேர வேண்டிய சான்று. அங்கே விறைப்பான நடையே பொருத்தம். அதற்கு முன்பாக மேற்சொன்ன எளிய கடிதமும் போய்ச் சேர்ந்திருந்தால் யாரும் பதற மாட்டார்கள்.

கேள்வி: பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். மாணவர்கள் ‘ஐ இன்ஃபார்ம்ட் டு மை டீச்சர்’ என்றே எழுதுகிறார்கள். எத்தனை முறை திருத்தினாலும் அந்த ‘டு’ போவதில்லை. எப்படி விளங்க வைப்பது?
— ஆசிரியை, தேவகோட்டை

பதில்: அந்த ‘டு’ தமிழிலிருந்து வருகிறது, சகோதரி. ‘ஆசிரியரிடம் தெரிவித்தேன்’, ‘ஆசிரியருக்குத் தெரிவித்தேன்’ என்று நாம் உருபு சேர்த்துச் சொல்வதால், அந்த உருபுக்கு ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிள்ளைகள் தேடுகிறார்கள். ‘இன்ஃபார்ம்’ என்பதன் லத்தீன் மூலத்துக்கு ‘வடிவம் கொடுத்தல்’ என்று பொருள். ஒருவருடைய மனத்துக்கு உருவம் கொடுப்பது என்ற வழியில்தான் அது ‘தெரிவித்தல்’ ஆயிற்று. எனவே அந்தச் செயல் நேராக ஆளின்மேல் படுகிறது. இடையில் ‘டு’ நிற்க முடியாது. தமிழில் விளக்குவதானால், ‘ஆசிரியரை அறியச் செய்தேன்’ என்று இரண்டாம் வேற்றுமையில் சொல்லிக் காட்டுங்கள். ‘ஆசிரியரை’ என்று வந்தவுடன் ‘டு’ தானாக விழுந்துவிடும். ‘டெல்’, ‘நோட்டிஃபை’ ஆகியவையும் இதே இனம். ‘சே’, ‘ரிப்போர்ட்’, ‘எக்ஸ்ப்ளெய்ன்’, ‘அனௌன்ஸ்’ ஆகியவற்றுக்கு ஆளைச் சொல்லும்போது ‘டு’ வேண்டும். ‘லெட் மீ டு நோ’ என்று எழுதும் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். ‘லெட்’ என்ற வினை தனக்குப் பின்னால் அந்த ‘டு’வை ஏற்காது.

கேள்வி: வங்கிக் கிளை ஒன்றில் நகைக்கடன் பிரிவில் பணிபுரிகிறேன். தவணை தவறிய ஒருவருக்கு எழுதிய வரைவில், ‘வி வுட் லைக் டு அப்ரேஸ் யூ’ என்று நான் போட்டதை மேலாளர் அடித்துவிட்டு, ‘இன்டிமேட்’ என்று மாற்றினார். எது சரி?
— வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் மேலாளர் அடித்தது சரியே. ‘அப்ரைஸ்’ என்பது தெரிவித்தல். ‘அப்ரேஸ்’ என்பது மதிப்பிடுதல். எழுத்தில் ஓர் எழுத்துத்தான் கூடுதல். பொருளோ முற்றிலும் வேறு. நகையை உரசிப் பார்த்து மதிப்புச் சொல்பவரை நாம் பேச்சில் ‘அப்ரைசர்’ என்றே அழைத்துப் பழகிவிட்டதால், உங்கள் துறையில் இந்தக் குழப்பம் மற்ற இடங்களைவிட எளிதில் வருகிறது. நீங்கள் எழுதிய வாக்கியத்துக்குத் ‘தங்களை மதிப்பீடு செய்ய விரும்புகிறோம்’ என்றே பொருள் வரும். ‘அப்ரைஸ்’ என்று சரியாகவே எழுதினாலும், மேலதிகாரிக்கு ஒரு நிலவரத்தை எடுத்துரைக்கும் அறிக்கைக்குத்தான் அது பொருந்தும். கடன்தாரருக்கு எழுதும் கடிதத்துக்கு அது தேவையற்ற அலங்காரம்.

‘இன்டிமேட்’ நம் நாட்டு அலுவலகங்களில் வேரூன்றிய சொல். காப்பீட்டு நிறுவனங்கள் ‘க்ளெய்ம் இன்டிமேஷன்’ என்றே படிவம் வைத்திருக்கின்றன. இந்தியாவுக்குள் எழுதும்போது அதைத் தவறென்று ஒதுக்க நான் விரும்பவில்லை. ஒரு நாட்டின் அலுவலகங்கள் முழுவதும் ஒரே பொருளில் ஆளும் சொல் அந்த நாட்டின் சொல்தான். ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருப்பவருக்கு எழுதினால், வினையாக வரும் அந்தச் சொல் அவர்களுக்கு இன்று ‘குறிப்பாக உணர்த்துதல்’, ‘சாடையாகச் சொல்லுதல்’ என்று பொருள்படும். கெடு தேதியைச் சாடையாகச் சொல்வதாக அவர்கள் எடுத்துக்கொண்டால் யாருக்கு நட்டம் என்று யோசியுங்கள்.

கேட்கப்படாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகும் என்ற செய்தியைப் பெறுபவர் ஆங்கிலம் படிக்காத ஒரு மூதாட்டியாக இருக்கலாம். அவருக்கு ‘இன்ஃபார்ம்’ என்று எழுதினாலும் ‘இன்டிமேட்’ என்று எழுதினாலும் தெரிவித்ததாக ஆகாது. அவர் தாலிச் செயின் எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்டினால் திரும்பும் என்பதைத் தமிழில், தெளிவாக, முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கேள்வி: என் பேரன் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். ‘ஐ வில் கீப் யூ போஸ்டட்’ என்று அவன் மேலதிகாரிக்கு எழுதியதைப் பார்த்தேன். தபாலில் அனுப்புவதாகத்தானே இதற்குப் பொருள்? மின்னஞ்சல் காலத்தில் இது பொருத்தமா? மேலும், மேலதிகாரியிடம் இவ்வளவு சகஜமாக எழுதலாமா?
— வாசகர், கண்டனூர்

பதில்: தபாலுக்கும் இந்தத் தொடருக்கும் தொடர்பில்லை, ஐயா. இதன் கதை உங்கள் ஊர்க்காரர்களுக்கே மிகவும் பிடிக்கும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கணக்கியலில் அன்றாட வரவு செலவைக் குறிப்பேட்டில் எழுதுகிறோம். பிறகு அதை ஆள்வாரியாகப் பேரேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். தமிழ்ப் பாடநூல்கள் ‘எடுத்தெழுதுதல்’ என்று சொல்லும் அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ‘போஸ்டிங்’ என்று பெயர். பேரேட்டில் நேற்று வரையிலான கணக்கு ஏறியிருந்தால்தான் முதலாளிக்குத் தன் நிலை தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இந்த வழக்கு மனிதருக்கும் நீண்டது. ஒருவரைப் ‘போஸ்டட்’ ஆக வைத்திருப்பது என்றால், அவர் மனத்துப் பேரேட்டில் புதிய பதிவுகளை நிலுவையின்றி ஏற்றிக்கொண்டே இருப்பது. சொல்லின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் இந்த வழியையே ஏற்கிறார்கள்.

பர்மாவிலும் மலேயாவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளிலும் (பலர் சேர்ந்து தொழில் நடத்திய கடை வீடுகள்) இருந்த நம்மவர் வட்டிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். கடையை நடத்திய மேலாளும் அவருக்கு உதவியான அடுத்தாளும் அங்கே கணக்கு எழுதினார்கள். முதலாளி இங்கே ஊரில் இருந்தார். கடல் கடந்து கடிதமும் கணக்கும் முறையாக வந்துகொண்டிருந்தால்தான், வளவில் உட்கார்ந்தபடி அவர் முடிவெடுக்க முடிந்தது. ‘கீப் யூ போஸ்டட்’ என்ற தொடரை அந்த மேலாள்கள் அறிந்திருந்தார்களோ இல்லையோ, அது குறிக்கும் வேலையை அவர்களைவிடக் கருத்தாகச் செய்தவர்கள் குறைவு. உங்கள் பேரன் மின்னஞ்சலில் செய்வதும் அதே ஐந்தொகை ஒழுங்குதான்.

இனி மரியாதையைப் பற்றி. ‘ஐ வில் கீப் யூ போஸ்டட்’ என்பது தான் செய்யப்போவதைச் சொல்லும் வாக்கு. நாள்தோறும் பழகும் மேலதிகாரியிடம் அதைச் சொல்வதில் குறையில்லை. அதையே திருப்பிக் ‘கீப் மீ போஸ்டட்’ என்று அவருக்கு எழுதினால், அது ஏவலாகிவிடும். மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் சொல்லும் தொனி அது. அந்த இடத்தில், ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் கீப் மீ இன்ஃபார்ம்ட்’ என்று எழுதுவது நல்லது. ஒரே தொடர் யார் வாயிலிருந்து யாரை நோக்கிப் போகிறது என்பதைப் பொறுத்து இப்படி மாறுகிறது. ‘அட்வைஸ்’ என்ற சொல்லிலும் இதுபோல ஒரு கண்ணி உண்டு. ஏற்றுமதி செய்பவருக்குக் கடன் உறுதிக் கடிதம் திறக்கப்பட்டதைத் தெரிவிக்கும் வங்கிக்கு ‘அட்வைசிங் பேங்க்’ என்று பெயர்; அது அறிவுரை கூறும் வங்கி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். வணிக ஆங்கிலத்தில் ‘அட்வைஸ்’ என்றால் முறைப்படி தெரிவித்தல் என்றும் பொருள்.

‘ஹெட்ஸ் அப்’ என்று அவன் எழுதினாலும் வியக்காதீர்கள். மேலே பார், ஏதோ வருகிறது என்று கத்தி எச்சரித்ததிலிருந்து வந்த வழக்கு அது. நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லிவைப்பதற்கு உடன் பணிபுரிவோரிடையே பயன்படுகிறது. அலுவலகத்துக்கு வெளியே இருப்பவருக்கு எழுதும் முதல் கடிதத்தில் மட்டும் அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் அப்பத்தா சென்ற மாதம் சிவபதவி அடைந்தார்கள். மலேசியாவில் பிறந்து வளர்ந்த எங்கள் பங்காளிகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர்களுக்கும், அப்பத்தாவின் கணக்கு இருந்த வங்கிக்கும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. ‘எக்ஸ்பயர்ட்’ என்று இருவருக்கும் ஒரே மாதிரி எழுதினேன். பங்காளி வீட்டுப் பிள்ளை ஒருவன் அந்தச் சொல் மனத்தை உறுத்தியதாகப் பிறகு சொன்னான். நான் செய்தது தவறா?
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறேன், சகோதரி. நீங்கள் தவறு செய்யவில்லை. நம் நாட்டுத் தந்தி ஆங்கிலம் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொல் அது. சொல்லுக்குக் காசு என்ற கணக்கில், மரணச் செய்தியை மூன்று நான்கு சொற்களில் அடக்க ‘எக்ஸ்பயர்ட்’ உதவிற்று. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நின்றுபோன பிறகும் அந்தச் சொல் நம் ஆங்கிலத்தில் தங்கிவிட்டது. வெளியே வளர்ந்த பிள்ளைகளோ அதை மருந்து அட்டையிலும் கடவுச்சீட்டிலும் பார்த்துப் பழகியவர்கள். அப்பத்தாவுக்கு அந்தச் சொல்லைக் கண்டபோது அவனுக்கு உறுத்தியதில் வியப்பில்லை.

‘டைட்’ என்று எழுத நாம் அஞ்சுகிறோம். அதைச் ‘செத்துப்போனார்’ என்பதற்கு இணையாக எண்ணிக்கொள்வதே காரணம். உண்மையில் அது ‘இறந்தார்’ என்பதன் நிலையில் நிற்கும் சொல்; கடுமை அதில் இல்லை. இன்னும் மென்மை வேண்டுமானால் ‘பாஸ்ட் அவே’ இருக்கிறது. அது நம் ‘தவறிவிட்டார்’ போன்றது. ‘சிவபதவி’ என்பதை ஆங்கிலத்தில் பெயர்க்க முயல வேண்டாம். பங்காளிகளுக்கு அந்தச் சொல்லையே ஆங்கில எழுத்தில் ஒருமுறை எழுதிவிட்டால் போதும். வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள்.

உங்கள் இரண்டு கடிதங்களும் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியவை. வங்கிக்கு, ‘ஐ ஆம் ரைட்டிங் டு இன்ஃபார்ம் யூ தட் மை கிராண்ட்மதர் டைட் ஆன்’ என்று தொடங்கி, தேதி, கணக்கு எண், இணைத்துள்ள இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைச் சொல்லி முடிக்கலாம். ‘இன்ஃபார்ம்’ அங்கே தன் சொந்த வீட்டில் இருக்கிறது. பங்காளிகளுக்கு அந்தச் சொல்லே வேண்டாம். நம் பக்கத்தில் கேதம் சொல்லி அனுப்புகிறவர் வாசலில் நின்று என்ன சொல்வார்? யார், எப்போது, எடுப்பது எப்போது என்பதைத்தான் தாழ்ந்த குரலில் சொல்வார். ஆங்கிலத்திலும் ‘ஐ ஆம் ஸோ சாரி டு டெல் யூ தட் அப்பத்தா பாஸ்ட் அவே திஸ் மார்னிங்’ என்ற ஒரு வரி அதைச் செய்துவிடும். ‘வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’ என்று மட்டும் உறவினருக்கு ஒருபோதும் எழுதாதீர்கள். வேலை கிடைக்கவில்லை, விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று நிறுவனங்கள் சொல்லும் வாய்பாடு அது. அதைப் படிக்கும்போதே ஒரு கதவு சாத்தப்படும் ஓசை கேட்கும். ‘அப்பத்தா’ என்ற சொல்லை ‘கிராண்ட்மதர்’ ஆக்காமல் அப்படியே விட்டதற்கும் காரணம் உண்டு. அந்தப் பிள்ளைகள் அவரை அந்தப் பெயரில்தான் அறிவார்கள்.

கேள்வி: பழைய வீடு ஒன்றை விடுதியாக நடத்தும் இடத்தில் வரவேற்புப் பணி. ‘ஃபார் யுவர் கைண்ட் இன்ஃபர்மேஷன், டின்னர் மஸ்ட் பி இன்டிமேட்டட் பிஃபோர் சிக்ஸ்’ என்று ஒவ்வோர் அறையிலும் அட்டை வைத்திருக்கிறோம். அதைப் படிக்கும் வெளிநாட்டு விருந்தினர் சிலர் முகம் சுளிக்கிறார்கள். வேறு சிலருக்குப் புரியவே இல்லை. மாற்றி எழுதித் தருவீர்களா?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: ‘ஃபார் யுவர் கைண்ட் இன்ஃபர்மேஷன்’ என்பது நமக்குள் பணிவாகத் தொடங்கிய தொடர்தான், ஆனால் வாக்குவாதங்களில் ‘தெரிந்துகொள்ளுங்கள்’ என்று குத்திக் காட்டுவதற்கும் அதையே பயன்படுத்திப் பயன்படுத்தி, அதில் ஒரு முள் ஏறிவிட்டது. ‘மஸ்ட்’ அந்த முள்ளை இன்னும் ஆழமாக அழுத்துகிறது. ‘இன்டிமேட்டட்’ பற்றி மேலே நகைக்கடன் பதிலில் எழுதியிருக்கிறேன். அயல்நாட்டார் அதில் தடுமாறுவது இயல்பு. மேலும், உங்களுக்கு ஆறு மணி ஏன் தேவைப்படுகிறது என்ற காரணம் அட்டையில் இல்லை. ஆள் எண்ணிக்கை தெரிந்த பிறகுதான் மசாலை அம்மியில் அரைக்கத் தொடங்குவீர்கள் என்றால், அதைச் சொன்னால் விருந்தினர் மகிழ்ந்து ஐந்து மணிக்கே வந்து சொல்லிவிடுவார்கள்.

அட்டையில் இப்படிப் போடுங்கள்: ‘ப்ளீஸ் லெட் அஸ் நோ பை சிக்ஸ் இஃப் யூ வுட் லைக் டின்னர். வி கிரைண்ட் த ஸ்பைசஸ் ஃப்ரெஷ்.’ விருந்தினர் எழுதும் மின்னஞ்சல்களுக்கும் இதே நடையில் பதில் அனுப்பலாம். அங்கே ‘கைண்ட்லி ரிவர்ட்’ என்று முடிப்பதையும் நிறுத்திவிடுங்கள். ‘ரிவர்ட்’ என்றால் பழைய நிலைக்குத் திரும்புதல் என்றுதான் இங்கிலாந்துக்காரர் பலர் இன்னும் எடுத்துக்கொள்கிறார்கள். ‘ப்ளீஸ் ரிப்ளை’ போதும்.